வடிகால் கட்டக் கடன் கிடைக்கும், தூர்வார?

சென்னைத் தெருமுனை எதிலாவது குனிந்து பாருங்கள். அருகருகே இரண்டு மூடிகள் இருக்கும். ஒன்றின் கீழே மழைநீர் வடிகால். அது மாநகராட்சியின் பொறுப்பு. அடுத்ததன் கீழே பாதாளச் சாக்கடை. அது 1978-இல் பிறந்த குடிநீர் வாரியத்துக்கு உரியது. முதலாவது அடைத்துக்கொண்டால் 1913-க்கு போன் போட வேண்டும், இரண்டாவதற்கு 1916. அடைமழையில் இரண்டும் சேர்ந்து பொங்கினால் எந்த எண்ணுக்கு அடிப்பது என்பது அவரவர் சாமர்த்தியம்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போடுகிறோம். தண்ணீரோ, பஸ்ஸோ, கரன்ட்டோ அவர் கையில் இல்லை. நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்கவை என 74-ஆவது திருத்தம் 18 பணிகளை அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தது, குடிநீர் உட்பட. ஆனால் கொடுப்பதும் கொடுக்காததும் மாநில அரசின் விருப்பம்.

பணத்தின் கதை இதைவிடச் சிக்கல். தொழில் வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் யாரிடமும் வாங்கக் கூடாது. 1988-இல் வைத்த உச்சவரம்பு அது. மாதம் மூன்று லட்சம் வாங்கும் ஐ.டி. மேலாளருக்கும் அதேதான். பத்திரப் பதிவில் கிடைக்கும் கூடுதல் தீர்வையை மாநில அரசு வசூலித்துப் பிறகு பங்கு தரும். மாநகராட்சி தன்னுடையது என்று மார்தட்டிக்கொள்ளக்கூடிய பெரிய வரவு சொத்து வரி ஒன்றுதான்.

அதைத் தொடத்தான் எல்லாருக்கும் பயம். பழைய சென்னைப் பகுதியில் 1998-இல் திருத்திய வரி இருபது வருஷம் அப்படியே கிடந்தது. 2018-இல் உயர்த்தினார்கள், எதிர்ப்புக் கிளம்ப, மறு ஆண்டே நிறுத்திவைத்தார்கள். 2016 முதல் மன்றமே இல்லாமல் அதிகாரிகள் பட்ஜெட் போட்ட காலம் அது. 2022 பிப்ரவரியில் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் பிறந்ததுமே வரி ஏறிவிட்டது! பழைய நகரப் பகுதியில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடியைத் தாண்டினால் 150 சதவீதம். மத்திய நிதிக் குழுவின் மானியம் வேண்டுமென்றால் இதைச் செய்தாக வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். காரணம் உண்மைதான். ஆனால் இருபத்து நான்கு வருஷம் தள்ளிப்போட்டதை ஒரே மூச்சில் ஏற்றியதில் அடி வாங்கியது குடியிருப்பவர்கள்.

புது வடிகாலுக்குப் பணம் வந்துவிடுகிறது. கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி என்று கடன் கொடுக்க ஆள் இருக்கிறது. கட்டிய வடிகாலில் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மண்ணையும் பிளாஸ்டிக்கையும் வாரிக் கொட்ட வேண்டுமே, அதற்கு எந்த வெளிநாட்டு வங்கியும் வராது. அது அரையாண்டுக்கு ஒருமுறை நாம் கட்டும் வரியிலிருந்து, துப்புரவுச் சம்பளத்தோடும் தெருவிளக்குக் கட்டணத்தோடும் மல்லுக்கட்டித்தான் வர வேண்டும்.

பட்ஜெட் புத்தகத்தில் இதைக் கண்டுபிடிக்கலாம். இந்த ஆண்டு மதிப்பீட்டை விட்டுவிடுங்கள். மறுநாள் நாளிதழில் கொட்டை எழுத்தில் வருவது அதுதான். பராமரிப்புத் தலைப்பில் போன ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, திருத்திய மதிப்பீட்டில் எவ்வளவு குறைந்தது, அதற்கு முந்தைய ஆண்டில் உள்ளபடியே செலவானது எவ்வளவு என்று பார்த்துவிட்டு, உங்கள் கவுன்சிலரிடம் அதைக் கேளுங்கள்.