மின்னஞ்சல் எங்கே தங்குகிறது?

டாக்டர் உ.வே.சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைத் தூக்கி எறியாதவர். இங்கிலாந்திலிருந்து ஜி.யு.போப் எழுதியவை உட்பட, அவர் பேணி வைத்த கடிதங்கள், அவர் பெயரால் 1943இல் தொடங்கப்பட்டுச் சென்னை பெசன்ட் நகரில் இயங்கும் நூல்நிலையத்தில் இன்றும் இருக்கின்றன. பதிப்பு வரலாற்றை எழுதுகிறவர்கள் அவற்றைத் தேடிப் போகிறார்கள். காகிதக் கடிதத்துக்கு ஒரு வசதி உண்டு. அது எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்பது வைத்திருப்பவருக்குத் தெரியும்.

2011ஆம் ஆண்டு லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகம் ஆங்கிலக் கவிஞர் வெண்டி கோப்பின் ஆவணங்களை 32,000 பவுண்டுக்கு வாங்கியது. கையெழுத்துப் படிகள், குறிப்பேடுகள் ஆகியவற்றுடன் சுமார் 40,000 மின்னஞ்சல்களும் அதில் அடக்கம். ஒரு கவிஞரின் மின்னஞ்சல் பெட்டி ஓலைச்சுவடிக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் சமமாக நூலகத்துக்குள் போனது. அந்த அஞ்சல்கள் அதுவரை ஏதோ ஒரு கணினியில், ஏதோ ஒரு வடிவில் இருந்திருக்க வேண்டும் அல்லவா? நம்முடைய மின்னஞ்சல்கள் எங்கே, எப்படி இருக்கின்றன?

சங்கங்கள், பள்ளிகள், சிற்றிதழ்கள் நடத்துகிற புலம்பெயர்ந்த தமிழர்கள் பலர் சொந்தத் தளப்பெயரில் மின்னஞ்சல் வைத்திருக்கிறார்கள். அஞ்சல் வழங்கியை, அதாவது மெயில் சர்வரை, நிறுவும்போது "பெட்டி எங்கே இருக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். பெரும்பாலோர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் வரி அது. ஆனால் பத்து ஆண்டு கழித்து அஞ்சல் கையில் மிஞ்சுமா என்பதில் பெரும்பங்கு அந்த வரிக்கு உண்டு.

மூன்று பணியாளர்கள்

ஊர் அஞ்சலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்த் தபாலை வாங்குபவர் ஒருவர். அதைப் பிரித்து உரிய பெட்டியில் போடுபவர் இன்னொருவர். நீங்கள் போய்க் கேட்டால் உங்கள் பெட்டியைத் திறந்து எடுத்துத் தருபவர் மூன்றாமவர். மின்னஞ்சல் வழங்கியிலும் இப்படித்தான். முதல் வேலையைச் செய்யும் மென்பொருள்களில் இரண்டு பரவலாக அறியப்பட்டவை. ஒன்று எக்ஸிம், 1995இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் எழுதியது. மற்றொன்று போஸ்ட்ஃபிக்ஸ், ஐ.பி.எம். ஆய்வகத்தில் வீட்ஸே வெனிமா உருவாக்கி 1998இல் வெளிவந்தது. பெட்டியில் போடும் வேலையையும் இவையே செய்யலாம், அல்லது வேறொரு நிரலிடம் ஒப்படைக்கலாம். எடுத்துத் தரும் மூன்றாவது வேலைக்கு இன்று மிகுதியும் புழங்குவது டவ்காட். 2002இல் பின்லாந்துக்காரரான டிமோ சிரைனன் வெளியிட்டது. இந்த ஆங்கிலச் சொல்லுக்குப் புறாக்கூடு என்று பொருள். புறாவைத் தூது விட்டுப் பழகிய தமிழருக்கு இந்தப் பெயர் மறக்காது!

போடுபவரும் எடுப்பவரும் வெவ்வேறு நிரல்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இருவருக்கும் பெட்டியின் இடம் தனித்தனியே சொல்லப்படுகிறது.

ஒரே கோப்பு

1971இல் ரே டாம்லின்சன் கணினி விட்டுக் கணினிக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பியபோது, பெறுநரின் பெட்டி என்பது ஒரு கோப்புதான். புதிய அஞ்சல் அதன் அடியில் ஒட்டப்படும். யூனிக்ஸ் உலகம் பின்பற்றிய 'எம்பாக்ஸ்' வடிவமும் இதே ஏற்பாடுதான். ஆள் ஒருவருக்குக் கோப்பு ஒன்று. எல்லாருடைய கோப்புகளும் வழங்கியில் அஞ்சலுக்கென உள்ள பொது அடைவில் வரிசையாக இருக்கும்.

ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்குவதை எப்படி அறிவது? 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வரித் தொடக்கத்தில் வந்தால் அங்கே புதிய கடிதம் என்று பொருள். கடிதத்துக்குள்ளேயே ஒரு வரி அச்சொல்லில் தொடங்கிவிட்டால் குழப்பம் வரும். அதைத் தவிர்க்க, பல நிரல்கள் அந்த வரிக்கு முன்னால் > என்ற குறியைச் சேர்த்துவிடும். நண்பருக்கு அனுப்பிய ஆங்கிலக் கவிதையில் ஓர் அடி அப்படித் தொடங்கினால், கவிஞர் இடாத குறியொன்று பிரதியில் ஏறிவிடும். பாடபேதம் பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

வேறு தொல்லைகளும் உண்டு. அஞ்சல் வந்து எழுதப்படும் நேரத்தில் நீங்களும் பெட்டியைத் திறந்தால், ஒருவர் பூட்ட மற்றவர் காத்திருக்க வேண்டும். பூட்டு தவறினால் கோப்பு கெடும். அந்த ஒரு கோப்பில்தான் எல்லாக் கடிதங்களும் இருக்கின்றன. ஒரே ஒரு கடிதம் புதிதாக வந்தாலும் காப்புப் படி எடுக்கும் நிரலுக்கு முழுக்கோப்பும் மாறியதாகவே தெரியும்.

கடிதத்துக்கு ஒரு கோப்பு

டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணித அறிஞர் 1990களின் நடுவில் கியூமெயில் மென்பொருளை எழுதியபோது இதற்கு ஒரு மாற்றுச் சொன்னார். அதுதான் 'மெயில்டிர்'. ஒவ்வொருவருக்கும் ஓர் அடைவு, அதற்குள் மூன்று உள்ளடைவுகள்: தற்காலிகம், புதியது, நடப்பு. வந்துகொண்டிருக்கும் கடிதம் முதலில் தற்காலிக அடைவில் எழுதப்படும். முழுவதும் எழுதி முடிந்த பிறகே புதியது என்ற அடைவுக்கு நகரும். உங்கள் அஞ்சல் நிரல் அதைக் கண்டுகொண்டதும் நடப்புக்குப் போகும். நடுவில் மின்சாரம் போனாலும் அரைகுறைக் கடிதம் பெட்டிக்குள் வராது. படித்தது, பதில் போட்டது போன்ற அடையாளங்கள் கோப்பின் பெயரோடு ஓர் எழுத்தாக ஒட்டிக்கொள்ளும். எனவே கடிதத்தின் உள்ளடக்கத்தை யாரும் தொட வேண்டியதில்லை, பூட்டும் தேவையில்லை.

குறையும் உண்டு. இலட்சம் கடிதம் என்றால் இலட்சம் சிறு கோப்புகள். கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்புள்ள வட்டுகளில் இடம் மீதமிருந்தும் புதுக்கோப்பு உருவாக்க முடியாமல் போகலாம். ஆனால் நம் சங்கத்துக்கும் சிற்றிதழுக்கும் அந்த அளவு வருவது அரிது. நீண்ட நாள் காக்க நினைப்பவர்களுக்கு மெயில்டிர் நல்ல தேர்வு. எந்தச் சிறப்பு மென்பொருளும் இல்லாமல், ஒரு கோப்பைத் திறந்தால் ஒரு கடிதம் தெரியும்.

இடம் குறிப்பது

போஸ்ட்ஃபிக்ஸில் பயனரின் வீட்டடைவுக்குள் பெட்டி இருக்கட்டும் என்று ஒரு வரியில் சொல்லலாம். அந்தப் பெயரின் இறுதியில் ஒரு சாய்கோடு இட்டால் மெயில்டிர். இடாவிட்டால் அதே பெயரில் ஒற்றைக் கோப்பு. ஒரு கோடுதான் வேறுபாடு! டவ்காட்டில் வடிவத்தையும் பாதையையும் சேர்த்து ஒரே அமைப்பு வரியில் எழுதுவது நெடுநாள் வழக்கம். 2025இல் வந்த 2.4ஆம் பதிப்பு இதை மாற்றி, வடிவத்துக்கு ஒரு வரி, பாதைக்கு ஒரு வரி என்று பிரித்துவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அப்படியே எழுதினால் புதிய பதிப்பு ஏற்காது.

அடிக்கடி நேரும் கோளாறு ஒன்று. போடுபவர் பொது அடைவிலுள்ள ஒற்றைக் கோப்பில் போடுகிறார். எடுப்பவர் வீட்டடைவிலுள்ள மெயில்டிரில் தேடுகிறார். பதிவேட்டில் "கடிதம் சேர்க்கப்பட்டது" என்று இருக்கும். பெட்டியோ காலியாகத் தெரியும். கடிதங்கள் தொலைந்துவிடவில்லை. எதையும் அழிக்காமல், முதலில் இரண்டு வரிகளும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

வழங்கியில் தனிக் கணக்கு இல்லாத பலருக்கும் பெட்டி தர வேண்டுமானால், எல்லாப் பெட்டிகளையும் ஒரே பணிக்கணக்கின் கீழ் தளப்பெயர், ஆள்பெயர் என்று அடுக்கலாம். அந்தக் கணக்கைத் தவிர வேறு எவரும் உள்ளே நுழைய முடியாதபடி அடைவின் அனுமதிகளை இறுக்கிவிடுங்கள். இயக்குதளம் இருக்கும் வட்டில் வைக்காமல் தனி வட்டில் வைத்தால், இயக்குதளத்தை மாற்றும் நாளில் அஞ்சலுக்கு ஆபத்து குறைவு. மெயில்டிரின் மூன்று உள்ளடைவுகளும் ஒரே வட்டில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். நகர்த்துவது என்பது அப்போதுதான் ஒரே செயலாக முடியும்.

யார் வீட்டில்?

பெட்டி எந்த அடைவில் என்பதற்கு மேல், யாருடைய கணினியில் என்ற கேள்வி இருக்கிறது. 1992இல் வடக்கு லண்டன் ஃபிஞ்ச்லியிலிருந்து டீமன் இண்டர்நெட் என்ற நிறுவனம் மாதம் 10 பவுண்டுக்கு இணைய இணைப்புத் தரத் தொடங்கியது. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணினிப் பெயர் உண்டு. தொலைபேசி வழியே இணைப்பு ஏற்பட்டதும், காத்திருந்த அஞ்சல்கள் வாடிக்கையாளரின் கணினிக்கே நேராக வந்து சேரும். நிறுவனத்திடம் இருந்தது காத்திருக்கும் வரிசை மட்டும்; பெட்டி அவரவர் வீட்டில்! நிறுவனம் பின்னால் பல கைகள் மாறி வோடஃபோனிடம் சேர்ந்தது. 2020இல் அந்தப் பழைய முகவரிகள் கைவிடப்பட்டன. முகவரி போனாலும், வீட்டுக் கணினியில் வாங்கி வைத்த கடிதங்கள் வைத்திருந்தவரிடமே இருக்கும்.

பாப் முறையில் கடிதங்களை இறக்கிக்கொள்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். வழங்கியில் விட்டு வைக்கச் சொல்லாவிட்டால் அங்கே அவை அழிக்கப்பட்டுவிடும். 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்த ஐமாப் முறையில் கடிதம் வழங்கியிலேயே தங்கும். வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே பெட்டியைப் பார்க்கலாம். வசதிதான். ஆனால் அங்கே கணக்கு மூடப்பட்டால் பெட்டியும் போகும். ஆகவே வழங்கி எதுவானாலும் உங்கள் கையில் ஒரு படி இருக்கட்டும்.

தமிழுக்கு உள்ள சிக்கல்

'கடிதங்கள்' என்று தமிழில் ஓர் உறை உருவாக்கி, பிறகு வழங்கியில் போய்த் தேடினால் அந்தப் பெயரைக் காண முடியாது. & குறியில் தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துக் குவியல்தான் பொதுவாக இருக்கும். பழைய ஐமாப் நெறிமுறை, பிறமொழிப் பெயர்களை அப்படித்தான் மாற்றி எழுதச் சொன்னது. பழுதென்று எண்ணி அழித்துவிடாதீர்கள். யூனிகோடிலேயே பெயர்களை வைக்க டவ்காட்டில் ஓர் அமைப்பு உண்டு.

இன்னொன்று நம் முன்னெழுத்துப் பழக்கத்தால் வருவது. மெயில்டிரின் வழக்கமான அடுக்கில் புள்ளி என்பது உறைக்குள் உறை என்று பொருள்படும். 'மு.வ' என்று உறை திறந்தால் 'மு' என்ற உறைக்குள் 'வ' என்ற உறை முளைக்கும்! புள்ளியைத் தவிருங்கள், அல்லது உண்மையான உள்ளடைவுகளாக அடுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

மிக முக்கியமானது எழுத்துக் குறியேற்றம். 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ் மடற்குழுக்களில் எழுதியவர்களில் பலர் திஸ்கியில் எழுதினார்கள். அந்த அஞ்சல்களை இன்று திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். ஆனால் பெட்டியில் பைட்டுகள் அன்று வந்தபடியே இருந்தால், குறியேற்ற மாற்றி கொண்டு யூனிகோடாக்கிப் படித்துவிடலாம். நடுவில் யாராவது வேறு நிரல் வழியே "ஏற்றுமதி" செய்து, தெரியாத எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டிருந்தால் மீட்க வழியில்லை. எனவே மூலப் பெட்டியை மாற்றாமல் ஒரு படி வையுங்கள். மாற்றங்களை வேறு படியில் செய்யுங்கள்.

கணினித் தமிழ் உருவான காலத்தின் விவாதங்களில் பல, அச்சேறாமல் தனிமனிதர்களின் அஞ்சல் பெட்டிகளில்தான் கிடக்கின்றன. பிரிட்டிஷ் நூலகம் போன்ற பெரிய நிறுவனமே 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, மாதக்கணக்கில் பல சேவைகளை இழந்து நின்றது. ஒரே இடத்தை நம்பக்கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். உங்கள் பெட்டி எந்தக் கணினியில், எந்தப் பாதையில், எந்த வடிவில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்படி வையுங்கள். அதன் படி ஒன்று வேறொரு வட்டில், வேறொரு வீட்டில் இருக்கட்டும்.