பழைய வேனை கேம்பர் ஆக்கலாமா? ஒரு ராத்திரிக்கு எவ்வளவுன்னு முதல்ல கணக்குப் போடுங்க



₹2.5 லட்சத்துக்கு ஒரு பழைய மாருதி ஈகோ. இன்னும் ₹80,000 போட்டா உள்ளே ஒரு கட்டில், ஃபேன், சின்ன சமையல் மேடை. மொத்தம் ₹3.3 லட்சம். அதுக்கப்புறம் ரூம் வாடகையே கிடையாது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் லேப்டாப்பை மூடிட்டு ஏலகிரி, ஏற்காடு, தரங்கம்பாடின்னு கிளம்பிக்கிட்டே இருக்கலாம்.

மாதச் சம்பளம் வாங்கும் நம்மில் பலர் இந்தக் கணக்கை மனசுக்குள்ள போட்டுப் பார்த்திருப்போம். ஆசையில் தப்பு இல்லை. கணக்குதான் பாதியில் நிக்குது. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்"னு நம்ம பாட்டிகள் சொல்வாங்களே, பழைய வேனுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருந்தும் பழமொழி அது. மீதிக் கணக்கை இங்கே போட்டு முடிச்சிடுவோம்.

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

2014 மாடல் ஈகோ ஒண்ணு வாங்கி, ஐந்து வருஷம் வெச்சிருந்து, ₹1 லட்சத்துக்கு விக்கறோம்னு வைங்க. இது ஒரு உதாரணக் கணக்கு. உங்க எண்களைப் போட்டு மாத்திக்கலாம். முதல் வருஷச் செலவு இப்படி வரும்:

- வண்டியின் மதிப்புக் குறைவு (₹1.5 லட்சம் ÷ 5): ₹30,000
- உள் வேலை (₹80,000 ÷ 5): ₹16,000
- சர்வீஸ், டயர், பேட்டரி, திடீர் ரிப்பேர்: ₹30,000
- பார்க்கிங் (மாதம் ₹1,500): ₹18,000
- இன்சூரன்ஸ்: ₹8,000
- பதிவு புதுப்பித்தல், பசுமை வரி, புகைச் சான்றிதழுக்கு ஒதுக்குவது: ₹2,000
- ₹3.3 லட்சத்தை 7% டெபாசிட்டில் போட்டிருந்தா வந்திருக்கும் வட்டி: ₹23,100

மொத்தம் ₹1,27,100. இதில் பெட்ரோலைச் சேர்க்கவே இல்லை.

வருஷத்துக்கு எட்டு ட்ரிப், ட்ரிப்புக்கு ரெண்டு ராத்திரி, அதாவது 16 ராத்திரி. வகுத்துப் பாருங்க: ஒரு ராத்திரிக்கு சுமார் ₹7,950. அந்தப் பணத்தில் ஸ்டார் ஓட்டல்லயே தங்கலாம். 40 ராத்திரி போனா ₹3,200-க்கு இறங்குது. ₹2,000 ரூமோட போட்டி போடணும்னா 64 ராத்திரி, அதாவது 32 வார இறுதிகள். கல்யாணம், காதுகுத்து, ரிலீஸ் வீக்கெண்ட் எல்லாம் போக உங்களுக்கு 32 வார இறுதி மிஞ்சுமா? கேம்பர் லாபமா நஷ்டமான்னு முடிவு பண்றது வேன் விலை இல்லை, இந்த ராத்திரிகளின் எண்ணிக்கைதான்.

பார்க்கிங்குக்கு ஏன் ₹18,000-னு கேட்கலாம். மயிலாப்பூர்ல இருக்கறவங்க கேட்க மாட்டாங்க! அபார்ட்மென்ட்ல வீட்டுக்கு ஒரு இடம், அதில் ஏற்கெனவே அப்பாவோட கார் நிக்குது. மாட வீதிப் பக்கம் ரோட்டில் நிறுத்தினா பங்குனித் திருவிழாவுக்குத் தேர் வரும்போது வண்டியை எங்கே நகர்த்துவீங்க? வாரத்துக்கு அஞ்சு நாள் சும்மா நிக்கப்போற வண்டிக்கு நிக்க இடம் முக்கியம்.

கடன் வாங்கி வாங்கலாமா?

₹3 லட்சம், 14% வட்டி, 36 மாதம்: இஎம்ஐ ₹10,253. வட்டி மட்டும் சுமார் ₹69,000. பழைய வண்டிக் கடனுக்குப் பொதுவாகப் புது வண்டிக் கடனைவிட வட்டி அதிகம். சம்பளக்காரருக்கு இந்த வட்டியில் வரிச்சலுகை எதுவும் கிடையாது. அப்புறம் நஷ்டத்துக்கு வித்தா, அந்த நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் காட்டவும் முடியாது. சொந்த உபயோகத்துக்கான வாகனத்தை வரிச் சட்டம் மூலதனச் சொத்தாகவே எடுத்துக்காது. ஆக, ஆசைக்கான செலவை சேமிப்பிலிருந்து பண்ணுங்க, கடன்ல பண்ணாதீங்க. ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி தனியா இருக்கணும், அதைத் தொடக் கூடாது.

சட்டம் என்ன சொல்லுது?

வெளிநாட்டு வீடியோக்கள்ல கூரையை அறுத்து ஃபேன் மாட்டறாங்க, பக்கவாட்டைப் பிளந்து ஜன்னல் வைக்கறாங்க. பிரிட்டனில் அப்படி மாத்தின வேனை 'மோட்டார் கேரவன்' என்று பதிவில் மாற்ற விண்ணப்பிக்கும் வழி இருக்கு. இங்கே கதை வேற.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்சி விவரங்கள் ஆகிற அளவுக்கு உரிமையாளர் வண்டியை மாத்தக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கூரை வெட்டறது மட்டும் இல்லைங்க. இருக்கை எண்ணிக்கையும் ஆர்சியில் இருக்கு. பின் சீட்டைக் கழற்றி எறிஞ்சிட்டுக் கட்டில் வெல்டிங் பண்ணா, அதுவும் மாற்றம்தான். வண்டியின் நிறமும் ஆர்சியில் இருக்கற விவரம். மாத்தினா பதிவு பண்ணணும்.

சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று ஒரு வாகன வகை மத்திய அரசின் 2004 அறிவிக்கையிலேயே இருக்கு. ஆனா, அதுக்கு ஒப்புதல் பெற்ற வடிவமைப்பில் கட்டிய வண்டி வேணும். தெரிஞ்ச மெக்கானிக் ஷெட்ல வெட்டி ஒட்டின வேனுக்கு அது கிடைக்காது.

அதனால நான் சொல்ற விதி ஒரே வரிதான்: வண்டியை மாத்தாதீங்க, வண்டிக்குள்ள வைக்கற பொருளை மாத்துங்க. ஸ்பேனர் எடுத்து அரை மணி நேரத்தில் கழற்ற முடியாத எதையும் பொருத்தாதீங்க. சட்டப்படியும் நிம்மதி, விக்கும்போதும் நிம்மதி. வாங்க வர்றவருக்கு வேண்டியது ஒரு குடும்ப வேன், உங்க கட்டில் இல்லை.

இன்சூரன்ஸ்: 'ஃபுல் கவர்' இருக்குன்னு நம்பாதீங்க

ஜூன் 2022-ல் அமலுக்கு வந்த கட்டணப்படி மூன்றாம் நபர் பிரீமியம், 796 சிசி ஆம்னிக்கு ₹2,094; 1,196 சிசி ஈகோவுக்கு ₹3,416 (ஜிஎஸ்டி தனி). இது கட்டாயம். சொந்த வண்டிச் சேதத்துக்கான பாலிசிதான் பழைய வண்டியில் கவனமாகப் பார்க்க வேண்டியது.

பத்து வயது தாண்டின வண்டிக்கு உலோகப் பாகங்களில் 50% தேய்மானம் கழிப்பாங்க. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50%. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. ₹70,000 ரிப்பேர் பில் வருதுன்னு வைங்க: உலோகம் ₹40,000, பிளாஸ்டிக் ₹10,000, கண்ணாடி ₹5,000, கூலி ₹15,000. கிடைக்கறது ₹20,000 + ₹5,000 + ₹5,000 + ₹15,000 = ₹45,000. அதிலும் கட்டாயக் கழிவு ₹1,000 போகும். மீதி ₹26,000 உங்க பையிலிருந்து.

பேட்டரி, இன்வர்ட்டர், ஃபேன்னு என்ன பொருத்தினாலும் கம்பெனிக்கு எழுதித் தெரிவிச்சு, பாலிசியில் ஏத்திக்கோங்க. கூடுதல் மின் சாதனங்களுக்கு அவற்றின் மதிப்பில் 4% என்பது பழைய மோட்டார் டாரிஃபில் இருந்து வர்ற கணக்கு. ₹40,000 சாதனத்துக்கு ₹1,600. அந்தப் பணத்தை மிச்சம் பிடிச்சிட்டு, வயரிங்கில் தீப்பிடிச்ச பிறகு "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"ங்கற கேள்விக்குப் பதில் இல்லாம நிக்காதீங்க. கிளெய்ம் மறுக்கப்பட அதுவே போதும்.

வாங்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

*வயது.* சொந்த வண்டிப் பதிவு 15 வருஷம் செல்லும். அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். ஏப்ரல் 2022 முதல் காருக்கான புதுப்பித்தல் கட்டணம் ₹5,000. ஆகஸ்ட் 2025 முதல் 20 வயது தாண்டின வண்டிக்கு ₹10,000. தாமதிச்சா மாதம் ₹500 கூடுதல். ஆம்னி உற்பத்தி 2019-ல் நின்னுபோச்சு. 2010-ல் அறிமுகமான ஈகோவின் முதல் வண்டிகளுக்கும் 15 வயது முடிஞ்சாச்சு. "விலை ரொம்பக் கம்மி"ன்னு வர்ற வண்டியில் ஆர்சி முடியும் தேதியை முதல்ல பாருங்க. மயிலாப்பூர்க்காரங்களுக்கு இந்த வேலையெல்லாம் மந்தைவெளி ஆர்டிஓ, அதாவது டிஎன்-06.

*தண்ணி.* 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் பார்த்த ஊர் இது. சீட் பெல்ட்டை முழுசா இழுத்து, அடியில் சேறு படிஞ்ச கோடு இருக்கான்னு பாருங்க. சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, தரை விரிப்பைத் தூக்கினா புழுங்கின வாசனை, ரெண்டும் இருந்தா திரும்பிப் பார்க்காம வந்துடுங்க.

*துரு.* கடல் காத்துக்கு வேனின் அடிப்பகுதி, கதவின் கீழ் ஓரம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடம்தான் முதல் பலி. லிஃப்டில் ஏத்திப் பார்க்காம விலை பேசாதீங்க.

*டயர்.* பட்டன் நல்லா இருந்தா போதாது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319-னா 2019-ன் 23-வது வாரம் தயாரானது. அதிகம் ஓடாத வேனில் டயர் தேயறதுக்கு முன்னாடி காய்ஞ்சு வெடிக்கும்.

*ரப்பர் பாகங்கள்.* இப்போ பங்கில் கிடைக்கறது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்டுகளை மாற்ற வேண்டி வரலாம்னு பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொல்லியிருக்கு. எரிபொருள் குழாய்களை வாங்கின உடனே மாத்திடுங்க. கூடவே கூலன்ட் குழாய், ரேடியேட்டர், பிரேக் ஆயில். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் சோதிச்சுப் பார்க்க வேண்டிய சமாசாரம் இல்லை இது.

உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டை இருக்கு. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, சீட் மாதிரி பொருள்களுக்குப் போங்க. பிரேக், ஸ்டீயரிங் பாகங்களைப் பழசா வாங்கவே கூடாது.

உள் வேலை: எடை, கரன்ட், காத்து

*எடை.* 8-க்கு 4 அடி, 18 மிமீ பிளைவுட் ஒரு ஷீட்டே 30 கிலோவுக்கு மேல். ரெண்டு ஷீட், 40 லிட்டர் தண்ணி கேன், பேட்டரி, சாமான்னு சேர்த்தா, நீங்க ஏறும் முன்னாடியே ரெண்டு பேர் ஏறின கணக்கு. சீட் முதுகு மடியற வண்டியா பார்த்து, அதுக்கு மேல வைக்கற மாதிரி மடிப்புப் பலகை போதும்.

*கரன்ட்.* 12 வோல்ட் ஃபேன் 20 வாட், எட்டு மணி நேரம்: 160 வாட்-ஹவர். லைட், போன் சார்ஜ் சேர்த்து 200. ஒரு 40 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் சுமார் 500 இருக்கும், ரெண்டு ராத்திரி தாராளம். 1,000 வாட் வீட்டு ஏசி அந்த பேட்டரியை அரை மணி நேரத்தில் குடிச்சிடும். அதனால மே மாசத்தில் சமவெளியில் கேம்பர் வேணாம், மலைக்குப் போங்க. பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம்.

*காத்து.* இதில் மட்டும் காசு பார்க்காதீங்க. 2024 டிசம்பர்ல கேரளத்தின் வடகரையில், நிறுத்தியிருந்த கேரவனுக்குள் தூங்கின ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிஞ்சதுதான் காரணம்னு விசாரணையில் தெரிஞ்சது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்காதீங்க. அடுப்பை வேனுக்கு வெளியே மட்டும் பத்த வைங்க. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து கொசுவலை போடுங்க. ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்க.

அப்போ வாங்கலாமா, வேணாமா?

மூணு படி சொல்றேன்.

1. முதல்ல ஒரு கேம்பரை ரெண்டு மூணு தடவை வாடகைக்கு எடுங்க. நாள் வாடகை அதிகமாத்தான் தெரியும். ஆனா வருஷத்துக்கு எத்தனை ராத்திரி நிஜமா போவீங்கன்னு அதில் தெரிஞ்சிடும்.
2. இன்னும் ஆசை குறையலைன்னா, மாதம் ₹10,000 தனிக் கணக்கில் போடுங்க. 33 மாதத்தில் ₹3.3 லட்சம். இஎம்ஐ கட்டற அதே பணம், வட்டி உங்களுக்கு வரும்.
3. வாங்கும்போது வேன் விலைக்கு மேல ₹50,000 ரிப்பேர் நிதி கையில் இருக்கணும். அது இல்லைன்னா இன்னும் அஞ்சு மாசம் பொறுங்க.

வீட்டில் வேற கார் இல்லை, அம்மா அப்பாவைக் கபாலி கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போக எப்படியும் ஒரு வண்டி வேணும்னா கணக்கு மாறும். பார்க்கிங், இன்சூரன்ஸ், மதிப்புக் குறைவு எல்லாம் அந்த உபயோகத்தோட பங்காயிடும். கழற்றி மாட்டற கட்டிலும் ஃபேனும் வார இறுதிக்கு. அந்த வேன்தான் நம்ம சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் கேம்பர்.

உங்க எண்களை மேலே இருக்கற ஏழு வரியில் போட்டு, உங்க ராத்திரிகளால் வகுங்க. வர்ற தொகையைப் பார்த்த பிறகும் சிரிப்பு வருதுன்னா, டோக்கன் அட்வான்ஸ் கொடுங்க. அடுத்த வீடியோவில் பழைய வண்டி பெயர் மாற்றத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.