ஆய்வுக்குத் தரவு அம்பத்தூரில் இருக்கிறது

திருநின்றவூர் ஜெயா பொறியியல் கல்லூரியில் தொடங்கி ஆவடி, பூந்தமல்லி வரை பொறியியல் கல்லூரிகள் பல. இந்த வட்டாரத்தில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகப் பி.எச்டி. செய்ய நினைக்கும் ஆசிரியர், எந்தத் துறை இப்போது எடுபடும் என்பதோடு, தரவு எங்கிருந்து வரும் என்பதையும் முதலிலேயே யோசிக்க வேண்டும்.

இயந்திரப் பழுதை முன்கூட்டியே கண்டறியும் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். பேரிங் தேய்ந்தால் அதிர்வு மாறும். அந்த மாற்றத்தைக் கணினிக்குப் பழக்க வேண்டும். இதற்கு உலகெங்கும் எடுத்தாளப்படுவது அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத் தரவு. 2 குதிரைத்திறன் மோட்டார், பேரிங்கில் மின்பொறியால் வேண்டுமென்றே உண்டாக்கிய பழுது, விட்டம் 0.007 அங்குலத்திலிருந்து, விநாடிக்கு 12,000 அல்லது 48,000 அளவீடுகள். இலவசமாகக் கிடைப்பதால் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு துல்லியம் காட்டும் கட்டுரைகள் அதில் குவிந்துவிட்டன. இன்னும் அரை சதவீதம் கூட்டி யாருக்கு என்ன பயன்? ஆனால் திருநின்றவூர், ஆவடி வழியே போகும் அதே மின்ரயில் பாதையில் 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே லேத்தின் பேரிங் தானாகத் தேய்கிறது. பக்கத்து இயந்திரத்தின் அதிர்வும் கலந்து வருகிறது, வேலைக்கு வேலை வேகம் மாறுகிறது. ஆய்வகத் தரவில் தேறிய மாடல் இங்கே எங்கே சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது என்பது உருப்படியான ஆய்வுக் கேள்வி.

சொந்தத் தரவை ஆய்விதழ்கள் ஏற்குமா என்பது நியாயமான சந்தேகம். பொதுத் தரவைக் கைவிடச் சொல்லவில்லை. ஒப்பிட்டுக் காட்ட அது வேண்டும். பட்டறை முதலாளி சம்மதிப்பாரா? காந்தத்தால் ஒட்டும் சிறு சென்சாருக்காக உற்பத்தியை நாள்கணக்கில் நிறுத்த வேண்டியதில்லை. பட்டறையின் பெயர் வெளிவராது என்று எழுதிக்கொடுத்தால் பேச இடமுண்டு. பேரிங் தேய மாதக்கணக்காகும் என்பதும் உண்மை. யுஜிசியின் 2022 விதிப்படி பி.எச்டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டு. பாடத்தாள்கள் எழுதும்போதே சென்சாரைப் பொருத்திவிட்டால் காலம் போதும். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தையும் அந்த விதி எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தனியே நிபந்தனை வைக்கலாம். பதிவுக்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது.

எனக்குக் கனமாகப் படும் தடை வேறு. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை பெறும் முழுநேர ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். பகுதிநேர ஆசிரியருக்கு அந்த உதவித்தொகை கிடையாது. வகுப்பும் விடைத்தாளும் போக மிஞ்சும் நேரத்தில்தான் ஆய்வு. பெயர்ப்பலகையில் ஆய்வு மையம் என்று எழுதிக்கொள்ளும் நிர்வாகம், வாரத்தில் ஒரு முழு நாளை அவருக்கு வகுப்பில்லாமல் ஒதுக்கித் தரவேண்டும்.