‘தவறு ஏற்பட்டுள்ளது’: யாருடைய தவறு?

நிவாரணத்துக்கோ நட்டஈட்டுக்கோ பதியப் போகிறீர்கள். விபரங்களைக் கணினியில் ஏற்றியதும் திரையில் ஒரு வரி வருகிறது: “தவறு ஏற்பட்டுள்ளது. பின்னர் முயற்சிக்கவும்.” ஆவணங்களைப் போரில் தொலைத்து, ஒவ்வொன்றாக மீண்டும் எடுத்தவர்களுக்கு முதலில் வருவது தமது ஆவணத்தின் மீதான சந்தேகம்தான்.

ஆனால், பதிவு ஏன் மறுக்கப்பட்டது என்பது பெரும்பாலும் தரவுத்தளத்துக்குத் தெரியும். அதை நமக்குச் சொல்லாமல் விடுவது இடையிலுள்ள மென்பொருள்.

ஓர் உதாரணம். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கங்கள் உள்ளன. 10 இடங்களுக்கு மட்டும் அமைத்த பழைய பட்டியலில் புதிய இலக்கத்தைப் பதிந்தால், ‘மைஎஸ்கியூஎல்’ தரவுத்தளம் 1406 என்ற வழு எண்ணைத் தரும். தரவு புலத்தின் அளவை மீறிவிட்டது என்பது அதன் பொருள். 1062 என்றால் அதே இலக்கம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது. 1048 என்றால் கட்டாயம் நிரப்பவேண்டிய புலம் வெறுமையாக உள்ளது. முதலாவதைத் திருத்தவேண்டியவர் மென்பொருளாளர். விண்ணப்பதாரர் அலைந்து பயனில்லை.

கண்டிப்பான முறை நிறுத்தப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கடைசி 2 இலக்கங்களை வெட்டிவிட்டுத் தரவுத்தளம் பதிவை ஏற்கும். ஓர் எச்சரிக்கை மட்டும் எழும். நிரல் அதைக் கேட்டு வாங்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

காரணத்தை வாங்குவது கடினமல்ல. பி.எச்.பி. மொழியில் வழுவைப் பிடித்து ‘கெட்மெசேஜ்’ என்று அழைத்தால் முழு வாசகமும் கிடைக்கும். ஆரக்கிளில் அதற்கு ‘எஸ்கியூஎல்எர்ம்’ உண்டு. ஆனால், பி.எச்.பி. 8.0 பதிப்புக்கு முன்னர், தரவுத்தளத்துடன் பேசும் ‘பிடிஓ’ இயல்பாகவே மௌனம் காத்தது. நிரலாளர் கேட்டால்தான் பதில் வரும்.

கிடைத்த வாசகத்தை அப்படியே திரையில் போடுவதும் ஆபத்து. 1062 வழுச்செய்தியில் அந்த அடையாள இலக்கமே இருக்கும். அருகில் நிற்பவரும் அதை வாசிக்கலாம். எனவே முழுச் செய்தியும் பாதுகாப்பான உள்பதிவேட்டுக்குப் போகவேண்டும். திரையில், “அடையாள அட்டை இலக்கம் இந்தப் புலத்தில் அடங்கவில்லை. இது எமது மென்பொருளின் குறைபாடு” என்ற தெளிவான தமிழும், உள்பதிவேட்டில் தேடக்கூடிய ஒரு முறைப்பாட்டு எண்ணும் போதும்.

அந்த எண் கையில் இருந்தால், அடுத்தமுறை போகும்போது கதையை முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை.