வீடே வகுப்பறை, தந்தையே ஆசான்



உங்கள் மகள் ஒரு நாள் மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறாள். புத்தகப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "வாப்பா! இனி நான் பள்ளிக்கூடம் போகவில்லை. படம் எடுக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்கிறாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்? முதலில் திகைப்பீர்கள், பின்பு கோபம் கொள்வீர்கள். "இவளுக்கு இந்த எண்ணத்தை ஊட்டியது யார்?" என்று அவளுடைய உம்மாவைக் கேட்பீர்கள். அதில் வியப்பில்லை. பெற்ற மனம் அஞ்சத்தான் செய்யும்.

1990களின் நடுப்பகுதியில், ஈரான் நாட்டின் தலைநகரான தெஹ்ரானில் ஒரு தந்தைக்கு இத்தகைய சோதனை வந்தது. மகளின் பெயர் ஸமீரா. தந்தை, அந்நாட்டின் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் முஹ்சின் மக்மல்பாஃப். பள்ளிக் கல்வி தன் மனத்துக்கு நிறைவளிக்கவில்லை என்று மகள் கூறியபோது, தந்தை அவரைத் திட்டவில்லை; விரும்பியபடி திரியட்டும் என்று விட்டுவிடவும் இல்லை. வீட்டையே பள்ளிக்கூடமாக மாற்றினார். அந்தப் பள்ளியின் தொடக்க வகுப்பில் அமர்ந்த ஒரு மாணவி என்ன கற்றார், எப்படிக் கற்றார் என்பதையே உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

படம் பார்க்காத ஆசான்

முதலில் ஆசானைப் பற்றிச் சில சொற்கள். முஹ்சின் மக்மல்பாஃப் 1957ஆம் ஆண்டு தெஹ்ரானில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். திரையரங்கிற்குச் செல்வதே பாவம் என்று அந்தப் பாட்டி சொல்லிக் கொடுத்திருந்தார். ஆகவே, இளமை கழியும் வரை அவர் ஒரு படமும் பார்த்ததில்லை. தம் தாயார் ஒருமுறை படம் பார்க்கச் சென்றார் என்பதற்காக, அவரோடு பேசாமலே சில காலம் இருந்தவர் அவர்!

1974இல், தம் பதினேழாம் வயதில், ஷாவின் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த அவர், ஒரு காவலரைக் கத்தியால் குத்தி அவருடைய துப்பாக்கியைப் பறிக்க முயன்றார். முயற்சி தோற்றது. குண்டடி பட்டுச் சிறை சென்றார். ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் கழிந்து, புரட்சி அலை எழுந்த காலத்தில் விடுதலையானார். அதன் பின்னரே எழுத்தும் நாடகமும் திரைப்படமும் அவர் கைக்கு வந்தன. எந்தக் கல்லூரியிலும் அவர் திரைக்கலை பயின்றதில்லை. நூல்களைப் படித்தும் செய்து பார்த்தும் தாமே கற்றுக்கொண்டார்.

தாம் தட்டுத் தடுமாறிக் கற்றதைப் பிறருக்கு ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும் என்ற ஆவல் அவருக்கு இருந்தது. நூறு மாணவர்களைச் சேர்த்துப் பள்ளி ஒன்று தொடங்க அரசிடம் அனுமதி கோரினார். கிடைக்கவில்லை. நூறு பேர் இல்லாவிட்டால் என்ன? வீட்டார், நண்பர்கள் என எட்டுப் பேர் சேர்ந்தனர். 1996இல் 'மக்மல்பாஃப் திரைப்பட இல்லம்' உருவாயிற்று. மகள் ஸமீரா, மகன் மைஸம், கடைக்குட்டி ஹனா, மனைவி மர்ஸியா ஆகியோரே அவ்வகுப்பின் முதன்மையான மாணவர்கள்.

முதல் பாடம் மிதிவண்டி

திரைப்பட வகுப்பு என்றால், முதல் நாளே கேமராவைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஸமீராவுக்கு வாய்த்த வகுப்பு அப்படிப்பட்டதன்று. ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் நாட்கணக்கில் அதிலேயே மூழ்குவது அப்பள்ளியின் முறை. மிதிவண்டி ஓட்டுவது ஒரு பாடம், நீந்துவது ஒரு பாடம், ஓவியம் ஒரு பாடம், கவிதை ஒரு பாடம். சமையலும் பாடம். நகரத்தின் தெருக்களைச் சுற்றிப் பார்ப்பதும் பாடம். இவற்றோடுதான் புகைப்படம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியனவும் வந்தன.

மிதிவண்டிக்கும் திரைப்படத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநர் என்பவர் காலை முதல் இரவு வரை நிற்க வேண்டியவர். வெயிலும் பசியும் களைப்பும் அவரை வென்றுவிடலாகாது. உடல் சோர்ந்தால் சிந்தனை சோரும். சிந்தனை சோர்ந்தால், "போதும், இதுவே இருக்கட்டும்" என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம் ஒரு கலைஞனுக்குப் பகை. ஆகவேதான் உடலுக்கு முதலிடம்.

கவிதைக்கும் சமையலுக்கும் அதே காரணத்தைச் சொல்லலாம். ஒரே கவிதையைத் திரும்பத் திரும்பப் படிப்பவர், சொல்லாமல் விடப்பட்டதன் ஆற்றலை அறிவார். சமைப்பவர், எதை முன்னே இடுவது, எதைப் பின்னே இடுவது, அடுப்பை எப்போது தணிப்பது என்னும் அளவறிவார். திரைப்படத்துக்கும் இவ்வளவறிவே உயிர்.

அந்நாளில் படம் எடுக்கப் படச்சுருள் வேண்டும். வினாடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடும் 35 மில்லிமீட்டர் சுருளில் 1000 அடி, ஏறத்தாழ 11 நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் காசு. ஆகவே, எதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே மனத்தில் தீர்மானித்தாக வேண்டும். தொடக்க நிலை மாணவருக்கு இதைவிடச் சிறந்த ஒழுக்கப் பயிற்சி உண்டோ?

ஒரு நிகழ்ச்சி, இரு பார்வை

வகுப்பு தொடங்கிய அதே 1996இல் தந்தையின் படம் ஒன்று வெளிவந்தது. பாரசீக மொழியில் அதன் பெயருக்கு 'ரொட்டியும் பூந்தொட்டியும்' என்று பொருள். தாம் கத்தியால் குத்திய காவலர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, நடிக்க வாய்ப்புக் கேட்டு அவரிடமே வந்தார். அந்தப் பழைய நிகழ்ச்சியையே இருவரும் சேர்ந்து படமாக்குவதாகக் கதை அமைந்தது. இளமைக்கால மக்மல்பாஃபாக நடிக்க ஒருவரை இயக்குநர் தேர்ந்தெடுக்கிறார். இளமைக்காலக் காவலராக நடிக்க மற்றொருவரைக் காவலர் தேர்ந்தெடுக்கிறார்.

அப்போதுதான் ஓர் உண்மை வெளியாகிறது. அன்றாடம் தம்மிடம் வந்து நேரம் கேட்ட பெண்ணுக்குக் கொடுப்பதற்காகக் காவலர் அன்று ஒரு பூந்தொட்டியுடன் காத்திருந்தாராம். அவள் தம் கவனத்தைத் திருப்புவதற்கென்று அனுப்பப்பட்டவள் என்பதை அவர் அறியவே இல்லை! இருபது ஆண்டுகளாக நெஞ்சில் ஒரு காதலைச் சுமந்திருந்தார். குத்தியவருக்கு அது புரட்சி. குத்துப்பட்டவருக்கு அது முறிந்துபோன கனவு. நிகழ்ச்சி ஒன்று, பார்வை இரண்டு! படத்தின் முடிவில் கத்தியும் துப்பாக்கியும் நீள வேண்டிய இடத்தில் ரொட்டியும் பூந்தொட்டியும் நீள்கின்றன.

எதிரியின் பக்கத்தில் நின்றும் பார்க்க வேண்டும் என்பதே இப்படத்தின் சாரம். இந்தப் பாடம் மகளின் கைக்கு விரைவிலேயே தேவைப்பட்டது.

பதினொரு நாள் தேர்வு

தெஹ்ரானின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில், வயது முதிர்ந்த ஒருவர் தம் இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறந்தது முதல் பதினொரு ஆண்டுகளாக வீட்டினுள்ளேயே பூட்டி வைத்திருந்தார். குழந்தைகளுக்குச் சரியாகப் பேச வரவில்லை, நடையும் திருந்தவில்லை. தாய்க்கோ கண் பார்வை இல்லை. அண்டை வீட்டார் சமூகநலத் துறைக்கு மனு எழுதினர். செய்தி நாடெங்கும் பரவியது. ஊர் முழுவதும் அந்தத் தந்தையைத் தூற்றியது.

பதினேழு வயது ஸமீரா அச்செய்தியைக் கேட்டார். கொதிப்படைந்தார். ஆனால் கொதிப்போடு நின்றுவிடவில்லை. சில நாட்களுக்குள் கேமராவோடு அங்கே சென்றார். நடிகர், நடிகையர் எவரையும் தேடவில்லை. அந்தக் குடும்பத்தாரே தம் வாழ்வைத் தாமே நடித்துக் காட்டினர். படப்பிடிப்பு பதினொரே நாட்களில் முடிந்தது. 'ஆப்பிள்' என்ற பெயரில் 1998இல் படம் வெளிவந்தது.

படத்தின் தொடக்கத்தில் கம்பிக் கதவின் இடுக்கிலிருந்து ஒரு சிறு கை நீள்கிறது. குவளையிலுள்ள நீரை வெளியே இருக்கும் செடிக்கு ஊற்ற முயல்கிறது. கை எட்டவில்லை. சிறைப்பட்ட குழந்தைகளின் நிலையைச் சொல்ல இதற்குமேல் வசனம் எதற்கு?

அந்தத் தந்தையைப் படம் கொடியவராகக் காட்டவில்லை என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. அவர் தம் பக்கத்து நியாயத்தைப் பேசுகிறார். மனைவிக்குக் கண் தெரியாது. தாமோ வெளியே போனால்தான் பிழைப்பு. தெருப் பிள்ளைகள் பந்து விழுந்தது என்று சொல்லிச் சுவரேறிக் குதிப்பார்கள். பெண் பிள்ளைகள் பூவைப் போன்றவர்கள், வெயில் பட்டால் வாடிவிடுவார்கள். இப்படியெல்லாம் அவர் சொல்லும்போது அவர் அறியாமை நமக்குப் புரிகிறது, அவர் அன்பும் புரிகிறது. தம்மைப் பற்றிப் பத்திரிகைகள் பொய் எழுதிவிட்டன என்று அவர் வருந்தும்போது நம் மனமும் வருந்துகிறது. செய்த குற்றத்தைப் படம் மறைக்கவில்லை; ஆனால், குற்றம் செய்தவரை மனிதர்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிடவும் இல்லை.

பின்பு ஒரு காட்சி. சமூகநலத் துறைப் பெண்மணி குழந்தைகளைத் தெருவில் விளையாட அனுப்பிவிட்டு, தந்தையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுகிறார். அவர் கையில் ஓர் இரும்பறுக்கும் ரம்பத்தைக் கொடுத்து, கம்பியை அவரே அறுக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். பூட்டியவர் கையாலேயே கதவு திறக்கப்பட வேண்டும்! இறுதியில், மாடிச் சன்னலிலிருந்து ஒரு சிறுவன் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் ஆப்பிளை, தெருவுக்கு வந்துவிட்ட கண் தெரியாத தாய் தடவித் தடவிப் பற்றுகிறார். சிறைப்பட்டிருந்தவர் குழந்தைகள் மட்டுமல்லர் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

"தந்தை எடுத்த படம்தானே?"

1998இல் பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவில் 'ஆப்பிள்' திரையிடப்பட்டது. பதினெட்டு வயது ஸமீராவை உலகம் வியந்து பார்த்தது. உடனே முணுமுணுப்பும் எழுந்தது. கதையை எழுதியவர் தந்தை, படத்தைத் தொகுத்தவரும் தந்தை. அப்படியானால் இயக்கியவரும் அவராகத்தானே இருக்க வேண்டும் என்றனர் சிலர்.

பெண் பிள்ளை ஒன்றைச் சாதித்தால், அதன் பின்னே ஓர் ஆணைத் தேடும் வழக்கம் எந்த நாட்டிலும் உண்டு போலும்! ஸமீரா தம் பணியாலேயே பதில் தந்தார். கரும்பலகைகளை முதுகில் சுமந்து, மாணவர்களைத் தேடிக் குர்திஸ்தான் மலைகளில் அலையும் ஆசிரியர்களைப் பற்றி அவர் எடுத்த 'கரும்பலகைகள்' 2000இல் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. 2003இல் ஆப்கானிஸ்தானில் எடுத்த 'மாலை ஐந்து மணிக்கு' என்ற படத்துக்கும் அதே பரிசு கிடைத்தது.

வகுப்பின் மற்ற மாணவர்களும் சோடை போகவில்லை. மர்ஸியா 2000இல் 'நான் பெண்ணான நாள்' என்ற படத்தை அளித்தார். அதன் நடுக் கதையின் நாயகி மிதிவண்டி ஓட்டும் ஒரு பெண்! அக்கா ஆப்கானிஸ்தானில் நடிகர்களைத் தேடிய கதையைத் தங்கை ஹனா தம் பதினான்காம் வயதில் ஆவணப்படமாக எடுத்தார். அது 2003இல் வெளிவந்தது. பின்னர், 2005இல் இக்குடும்பம் தாயகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. வகுப்பறையாக இருந்த வீடு பின்னே நின்றுவிட்டது. கற்ற கல்வியோ அவர்களோடு சென்றது.

நமக்கு என்ன படிப்பினை?

பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தத் தவறான முடிவுக்கு எவரும் வந்துவிட வேண்டாம். ஸமீராவுக்கு வீட்டில் ஒரு தேர்ந்த ஆசான் இருந்தார். நாள்தோறும் மணிக்கணக்கில் அவருடன் இருந்து கற்பித்தார். பள்ளியை விட்டு வந்த மகளுக்கு அதைவிடக் கடினமான பள்ளியைத்தான் அவர் கொடுத்தார். நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளோடு நாளுக்கு ஒரு மணி நேரமாவது அமர்கிறோம்? பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டால் தந்தையின் கடமை முடிந்துவிட்டது என்று கருதுவோர், தெஹ்ரானின் அந்த வீட்டை ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.

மற்றொன்றும் உண்டு. அன்று படச்சுருளுக்குக் காசு வேண்டியிருந்தது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் கைபேசி வடிவில் ஒரு கேமரா இருக்கிறது. தெருவில் ஒருவர் விழுந்தால் படம் எடுக்கிறோம். அண்டை வீட்டில் சண்டை என்றால் படம் எடுக்கிறோம். அடுத்த நொடியே ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். அவர் பக்கத்து நியாயம் என்ன என்று கேட்பதற்கு நமக்குப் பொறுமை இல்லை. பதினேழு வயதுப் பெண் ஒருவர், ஊரே தூற்றிய ஒரு முதியவரின் வாசலில் போய் நின்று, "நீங்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்" என்னும் மனத்தோடு கேமராவை வைத்தார். அந்த மனம் வாய்ப்பதற்கு முன் கேமரா கைக்கு வருவது ஆபத்து.

ஆகவே வாசகரே, உங்கள் மகளோ மகனோ நாளை "வாப்பா, நான் படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறேன்" என்று வந்து நின்றால் உடனே சினம் கொள்ளாதீர்கள். அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். "நம் தெருவில் எல்லாரும் குறை சொல்லும் மனிதர் ஒருவரைச் சொல். அவரைப் பற்றி அவருடைய பக்கத்திலிருந்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா" என்று கேளுங்கள். எழுதிக்கொண்டு வந்தால் முதல் வகுப்பை முடித்துவிட்டார்கள் என்று கொள்ளலாம்.