முன்னறையை வண்டி ஷெட்டாக்கும் முன்



சிவாஜிநகரின் பழைய தெருக்களில் ஒரு மாற்றத்தை நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஓடு வேய்ந்த ஒரு வீட்டின் திண்ணை மறைந்துபோகிறது. முன்சுவர் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இரும்பு ரோலிங் ஷட்டர் மாட்டப்படுகிறது. விருந்தினரை அமர்த்தி, வாரம் ஒருமுறை ஜெபத்திற்குக் கூடிய முன்னறையில் இப்போது இரண்டு ஸ்கூட்டர்களும் ஒரு மோட்டார் சைக்கிளும் நிற்கின்றன. அவற்றைத் தாண்டித்தான் குடும்பம் வாழும் அறைகளுக்குச் செல்ல வேண்டும்.

இதைச் செய்பவர்களை நாம் குறைகூற முடியாது. தெருவில் நிறுத்திய வண்டி காணாமற் போகிறது; போகாவிட்டால் கண்ணாடியாவது உடைகிறது. ஊரிலிருந்து பிழைக்க வந்து, கடன் வாங்கி வாங்கிய வண்டிக்கு ஒரு கூரை வேண்டுமென்று எண்ணுவது இயற்கை. ஆயினும் கொத்தனாரை அழைத்துச் சம்மட்டியைக் கையில் கொடுக்கும் முன், இரண்டு கேள்விகளுக்கு நீங்கள் விடை அறிந்திருக்க வேண்டும். இந்தச் சுவரின் மேல் எது நிற்கிறது? நள்ளிரவில் இந்த அறையில் தீப்பிடித்தால் உள்ளே உறங்குகிறவர்கள் எவ்வழியாக வெளியேறுவார்கள்?

இவ்வீடுகள் எப்படிக் கட்டப்பட்டன என்பதை முதலில் காண்போம். 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் இராணுவக் குடியிருப்பை அமைத்தபோது, படையைப் பின்தொடர்ந்து வணிகரும் கைவினைஞரும் வேலையாட்களுமாகத் தமிழர் பலர் இங்கே வந்து சேர்ந்தனர். அன்று பிளாக்பள்ளி எனப்பட்ட பகுதியே இன்றைய சிவாஜிநகர். அதிகாரிகளின் பங்களாக்களுக்குப் பின்புறத்தில் குதிரைக்கும் வண்டிக்கும் தனிக் கொட்டகை இருந்தது. பிற்காலத்தில் அதுவே கார் ஷெட்டாயிற்று. எளியவர்களின் தெருவில் அவ்வசதி கிடையாது. வீட்டோடு வீடு ஒட்டி, நடுச்சுவரை இருவருக்கும் பொதுவாக்கி, வரிசையாகக் கட்டினார்கள். தெருவின் அகலம் மனிதருக்கும் மாட்டு வண்டிக்கும் போதுமானதாக இருந்தது. மோட்டார் வாகனத்தை யாரும் கனவிலும் நினைக்கவில்லை.

கூரைகள் இரண்டு மூன்று விதமானவை. மங்களூர் ஓட்டுக் கூரையை எல்லாரும் அறிவோம். 1865-இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்துதான் அவ்வோடு தென்னிந்தியாவெங்கும் பரவியது. சற்று வசதியுள்ளவர்கள் மெட்ராஸ் டெரஸ் போட்டார்கள். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாகச் செருகிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதற்கும் மேலே செங்கல் ஜல்லிக் கலவையை இடித்துப் பரப்பி, தட்டோடு பதிப்பது அம்முறை. வேறு சில வீடுகளில் கருங்கற் பலகைகளே கூரையாக இருப்பதைக் காணலாம். எந்தக் கூரையானாலும் அதன் முழுப் பாரமும் இறங்குவது சுவரின் மீதே.

சுவரே தூண்

இன்றைய கான்கிரீட் வீட்டில் தூண்களும் உத்திரங்களும் பாரத்தைத் தாங்குகின்றன. நடுவிலுள்ள சுவர் பெரும்பாலும் மறைப்பு மட்டுமே. பழைய வீட்டில் தூண் என்று தனியாக ஒன்றும் இல்லை. முக்கால் அடியோ, ஒன்றேகால் அடியோ, ஒன்றரை அடியோ கனமுள்ள செங்கல் சுவர்தான் அங்கே தூண். புதிய கட்டடங்களில் மட்டுமே வேலை பார்த்துப் பழகிய மேஸ்திரி இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்காமல், "எட்டடி திறந்துவிடலாம், ஒன்றும் ஆகாது" என்று சொல்லக்கூடும். எட்டடி திறந்தால், அதுவரை அந்த எட்டடிச் சுவரில் பரவியிருந்த பாரம் முழுவதும் இருபுறமும் மிஞ்சியிருக்கும் சிறு துண்டுச் சுவர்களின் மேல் ஒரே புள்ளியில் விழும். நூறாண்டுச் செங்கல் அதைத் தாங்குமா என்பது சுவருக்குச் சுவர் வேறுபடும்.

முறையாகச் செய்வதானால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தைச் சுமையென்று எண்ணாதீர்கள். ஷட்டருக்குப் பெயின்ட் அடிப்பதில் மிச்சம் பிடியுங்கள். சுவரை உடைக்கும் முன்பே கூரைக்கு உட்புறமும் வெளிப்புறமும் இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும். பின்னர் இரும்பு உத்திரமோ கான்கிரீட் உத்திரமோ ஏற்றி, அதன் இரு முனைகளும் சுவரின் மேல் முக்கால் அடி முதல் ஓர் அடி வரை அமருமாறும், அமரும் இடத்தில் பாரத்தைப் பரப்பும் கான்கிரீட் மெத்தை இருக்குமாறும் செய்ய வேண்டும். கான்கிரீட் உத்திரமாயின் முட்டுகளைக் குறைந்தது 14 நாட்கள் எடுக்கலாகாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் இவ்வேலையை ஒப்படைக்காதீர்கள்.

வரிசை வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் வீடு அண்டை வீட்டின் மேலும், அது உங்கள் வீட்டின் மேலும் சாய்ந்து நிற்கிறது. பொதுச்சுவரை ஒட்டி நீங்கள் வெட்டும் திறப்பு அடுத்த வீட்டுப் படுக்கையறையில் விரிசலாகத் தோன்றலாம். ஆகவே வேலைக்கு முன்னரே அண்டை வீட்டாருடன் பேசி, இரு வீட்டிலும் ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மனத்தாங்கல் நேராதிருக்க இது உதவும்.

விரிசல் உயிருள்ளதா, பழையதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இருமுனைகளிலும் சாந்து வைத்து ஒட்டி, அருகில் தேதியை எழுதுங்கள். சில வாரங்களில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அதன்மேல் பட்டி தடவிப் பெயின்ட் அடிப்பது நோயாளியின் முகத்திற்குப் பவுடர் பூசுவதுதான். 2021 செப்டம்பர் 27-இல் இதே பெங்களூரில் லக்கசந்திராவில் ஒரு மூன்று மாடிக் கட்டடம் பட்டப்பகலில் சரிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் முன்னரே வெளியேறிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை.

ஷெட்டுக்காக முன்னறையை இழந்துவிட்டோம், மாடியில் ஓர் அறை எடுத்துக்கொள்வோம் என்ற எண்ணம் அடுத்து வரும். கீழே சுவரைக் குறைத்து மேலே பாரத்தைக் கூட்டுவதைவிட ஆபத்தான சேர்க்கை வேறில்லை. பழைய அஸ்திவாரம் பெரும்பாலும் கல்லும் சுண்ணாம்பும் கொண்டது. ஒரு தளத்துக்கென்று போடப்பட்டது. இருக்கும் மாடியைப் பயன்படுத்துவதானாலும் கைப்பிடிச் சுவர் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். உபாகமம் 22-ஆம் அதிகாரம் இதை வீட்டுக்காரரின் கடமையாகவே வைத்திருக்கிறது.

உடைக்காமலே முடியுமா?

பல வீடுகளில் முடியும். ஸ்கூட்டரின் கைப்பிடி அகலம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர்தான். பழைய வாசற்கால்களில் பல மூன்றடிக்குக் குறையாதவை. அப்படியானால் தடை சுவரல்ல, படிக்கட்டே. எடுத்து வைக்கத்தக்க மரப் பலகையோ இரும்புச் சாய்தளமோ செய்து, வண்டி ஏற்றியபின் உள்ளே எடுத்துக்கொள்ளலாம். தெருவின் மேலும் சாக்கடையின் மேலும் நிரந்தரமாகக் கான்கிரீட் சாய்தளம் போடாதீர்கள். மழைநீர் ஓடும் வழியை அடைத்தால் அது முதலில் உங்கள் வீட்டுக்குள்ளேதான் வரும்.

காரைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், பன்னிரண்டடி அகல வரிசை வீட்டில் அதற்கு இடம் தேடாதீர்கள் என்பேன். சிறிய கார்களில் பலவும் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உடையவை. கதவைத் திறந்து இறங்க இடம் விட்டால் வீட்டின் முன்பாதி அதற்கே சரியாகிவிடும். வெளியே மாத வாடகைக்கு ஓரிடம் பிடிப்பது மேல்.

தரையும் ஈரமும்

சாலைக்குத் தார் மேல் தாராகப் போட்டதில் பல பழைய வீடுகளின் தரை தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. ஷெட்டுக்காக வாசற்படியை அகற்றினால், மழைநீருக்கு இருந்த ஒரே தடையும் போய்விடும். வாசலில் இரண்டு மூன்று அங்குல உயரத்தில் வண்டி ஏறத்தக்க மேடும், அதற்கு முன் இரும்புச் சல்லடை மூடிய சிறு வடிகாலும் அமைப்பது அவசியம்.

சுவரின் அடிப்பாகம் ஈரம் காத்து உப்புப் பூத்திருந்தால், சிமென்ட் பூசி மூடிவிடலாம் என்பார்கள். இங்கே பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி, காற்றில் மெல்ல வெளிவிடும் இயல்புடையது. அதன் மேல் சிமென்ட் பூச்சும் பளபளக்கும் பெயின்ட்டும் வந்தால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே மேலேறும். முன்பு ஓரடி உயரத்தில் இருந்த கறை இரண்டாம் மழைக்காலத்தில் மூன்றடிக்கு வரும். பூச்சும் பொருக்காக உதிரும். உதிர்ந்த பூச்சைச் சுரண்டி, சுவரை உலரவிட்டு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கும் மணல் மூன்று பங்கும் கலந்து பூசி, சுண்ணாம்பே அடியுங்கள். இதில் தேர்ந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஊரில் பழைய கோவில், ஆலய வேலைகள் செய்த பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள்.

சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் அதை உடைத்து டைல்ஸ் போட வேண்டாம். ஷெட்டாகும் பகுதியில் மட்டும் வண்டியின் ஸ்டாண்டு குத்தாதபடி ஒரு கற்பலகை பதித்தால் போதும்.

இரவில் தீப்பிடித்தால்

2022 மார்ச் இறுதியில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் ஒரு வீட்டில் புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டர் இரவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதில் பற்றிய தீயின் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் பதின்மூன்று வயது மகளும் இறந்தார்கள். அதன்பின் மத்திய அரசு பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைப்படுத்தியது. இருப்பினும் அதற்கு முன் விற்ற வண்டிகளும், கைமாறிக் கைமாறி வரும் பேட்டரிகளும் நம் தெருக்களில் ஓடுகின்றன.

வரிசை வீட்டில் பக்கவாட்டில் சன்னல் இல்லை. பின்புறம் இன்னொரு வீட்டின் முதுகு. இருக்கும் ஒரே வாசலில் வண்டிகளை நிறுத்தி, அங்கேயே பேட்டரியைச் சார்ஜ் போட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டி உறங்கினால், வெளியேறும் வழியிலேயே தீயை வைத்துக்கொண்டு உறங்குகிறோம். ஆகவே ஷெட் வேலைக்கு முன் இரண்டாவது வழியைத் தேடுங்கள். பின்கட்டுக் கதவு, மாடிப்படி வழியாக அடுத்த மொட்டைமாடி, உள்ளிருந்து திறக்கக்கூடிய சன்னல் கம்பி, எதுவாயினும் சரி. ஒன்றும் கிடையாதென்றால் முன்னறையில் மின்வண்டியைச் சார்ஜ் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். கழற்றும் பேட்டரியானால் மாடியில் திறந்த நிழலான இடத்தில், குடும்பத்தார் விழித்திருக்கும் வேளையில் சார்ஜ் செய்யலாம். வண்டியோடு தந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள்; ஓட்டி வந்த சூடு தணிந்த பின்னரே இணையுங்கள்.

ஷெட்டுக்கும் உள்ளறைக்கும் நடுவே தளம் முதல் கூரை வரை செங்கல் சுவர் எழுப்பி, கனமான கதவு போடுங்கள். பிளைவுட் தடுப்பு புகையை நிறுத்தாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். ஆதலால் ஷட்டரின் அடிப்பகுதியிலும் துளையிட்ட தகடு இருக்க வேண்டும். எரிவாயு சிலிண்டரையும் இன்வெர்ட்டரையும் அவ்வறையில் வைக்காதீர்கள். வண்டிகளை எப்படி நிறுத்தினாலும் மூன்றடி நடைவழி எப்போதும் வெறுமையாக இருக்கட்டும்.

மின்கம்பிகளை மறந்துவிடலாகாது. 2012 பிப்ரவரியில் நம் ரசல் மார்க்கெட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் தீக்கிரையானபோது மின்கோளாறே காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது. மரப்பட்டியில் ஓடும் பழைய கம்பியில் சார்ஜரை மாட்டுவது தகாது. மீட்டர் பலகையிலிருந்து தனியாகச் செம்புக் கம்பி இழுத்து, தனி எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், சரியான எர்த்தும் கொடுத்து, 16 ஆம்பியர் சாக்கெட் பொருத்துங்கள். பழைய வீடுகளில் எர்த் பெயருக்கு மட்டுமே இருக்கும். சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்கட்டில் ஏற்கெனவே ஆஸ்பெஸ்டாஸ் கூரையிட்ட ஷெட் இருந்து அதை மாற்றுவதானால், தகடுகளைச் சுத்தியால் உடைக்க விடாதீர்கள். அத்தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கச் செய்யுங்கள். பிள்ளைகளை அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, நம்மில் பலர் லீசுக்கு இருப்பவர்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டதால் வீடு நம்முடையது போலவே தோன்றும். ஆனால் சுவர் வீட்டுக்காரருடையது. சுவரை மாற்றுவதற்கு அவருடைய ஒப்புதலும் மாநகராட்சியின் அனுமதியும் வேண்டும். 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால், விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் ஏற்கப்படும் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வாய்மொழியாகச் சம்மதித்தாலும், என்னென்ன வேலை, செலவு யாருடையது, வீட்டைக் காலி செய்யும்போது ஷட்டரும் உத்திரமும் யாருக்கு, லீஸ் தொகையில் எவ்வளவு கழிக்கப்படும் என்பனவற்றை எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை உங்கள் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.