பாரமிழுக்கும் பழைய டீசல் பிக்கப் வாகனத்தின் எரிபொருட் பாய்ச்சலைத் திருத்தியமைத்தல்

வயலிலும் தோட்டத்திலும் விளைந்த பொருளைக் காலந் தாழ்த்தாது சந்தைக்குச் சேர்ப்பது, அதனை விளைவிப்பதற்கு ஒப்பான முக்கியமுடையது. அறுவடை செய்த நெல்லை ஆலைக்கும், பறித்த மரக்கறியைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கும் கொண்டுசெல்வதற்குக் கமக்காரர் பலர் பழைய டீசல் பிக்கப் வாகனங்களையே நம்பியிருக்கின்றனர். இவ்வாகனங்கள் இழுவைப் பெட்டியைப் பூட்டிப் பாரமிழுக்கும்போது, நாளடைவில் ஏற்றத்தில் ஏறத் தயங்குவதும் கரும்புகை கக்குவதும் உண்டு. அப்பொழுது, "பம்பைச் சிறிது கூட்டிவிட்டால் இழுக்கும்" என்னும் ஆலோசனை எளிதிற் கிடைக்கும்.

இவ்வாலோசனையைப் பின்பற்றுமுன் கமக்காரர் சிந்தித்தல் வேண்டும். எரிபொருளைக் கூட்டுவதாற் கிடைக்கும் இலாபம் சிறிது. தவறினால் ஏற்படும் நட்டமோ ஒரு போகத்தின் வருமானம் முழுவதையும் விழுங்கக்கூடியது. குறைந்துபோன வலுவின் பெரும் பகுதியை, புதிதாக எதனையுங் கூட்டாது, உள்ளதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதனாலேயே மீட்டல் கூடும். அதற்கான முறைகளை இப்பிரசுரம் விளக்குகின்றது.

எரிபொருட் பாய்ச்சல் என்பது யாது?

டீசல் எஞ்சினில் தீப்பொறி மூட்டும் கருவி இல்லை. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் மிகச் சிறிய இடத்துக்குள் அமுக்குகின்றது. டொயோட்டா ஹைலக்ஸ் வாகனங்களிற் காணப்படும் 2எல், 3எல் எஞ்சின்களில், காற்று ஏறத்தாழ 22இல் ஒரு பங்காக அமுக்கப்படுகின்றது. இதனால் அக்காற்று 500 பாகை செல்சியசுக்கு மேலாகச் சூடேறும். அத்தருணத்தில் நொசில் வழியாகத் தெளிக்கப்படும் டீசல் தானாகவே தீப்பற்றுகின்றது.

டீசல் பம்பு மூன்று பணிகளைச் செய்கின்றது: டீசலை அளந்து கொடுத்தல், குறித்த கணத்திற் கொடுத்தல், உயர்ந்த அமுக்கத்திற் கொடுத்தல். 2,446 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய 2எல் எஞ்சின் முழுப் பாரத்தில் இயங்கும்போதும், ஒரு தடவை தெளிக்கப்படும் டீசல் ஏறத்தாழ இரண்டு நெல்மணிகளின் பருமனே ஆகும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 தடவை சுழலும்போது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் செக்கனுக்கு 16 தடவைக்கு மேல் இவ்வாறு தெளித்தல் வேண்டும். இவ்வகை எஞ்சினின் நொசில், சதுர சென்ரிமீற்றருக்கு 100 கிலோகிராமுக்கு மேற்பட்ட அமுக்கத்திலேயே திறக்கும். இது வாகனச் சில்லிலுள்ள காற்றின் அமுக்கத்தைப்போற் சுமார் 40 மடங்கு.

நொசிலின் முக்கியத்துவத்தைக் கமக்காரர் நன்கறிவர். மருந்து தெளிக்கும் கருவியின் நொசில் தேய்ந்துவிட்டால், மருந்து பனிபோலப் பரவாது துளித்துளியாக ஒழுகும்; மருந்து கூடுதலாகச் செலவாகும்; பூச்சியோ சாகாது. எஞ்சினிலும் இதுவே நிகழ்கின்றது. ஒழுகும் நொசில் கூடுதலான டீசலைச் செலவிட்டுக் குறைந்த வலுவையே தரும். அந்நிலையிற் பம்பைக் கூட்டுவது, பழுதடைந்த நொசிலை மாற்றாது மருந்தை இருமடங்காகக் கரைப்பதற்கு ஒப்பாகும்.

வலுவின் எல்லை காற்றே

ஒரு லீற்றர் டீசலின் நிறை சுமார் 840 கிராம். அது முற்றாக எரிவதற்கு அதன் நிறையைப்போல 14½ மடங்கு காற்று, அதாவது ஏறத்தாழ 10,000 லீற்றர் காற்று, குறைந்த பட்சம் தேவை. டீசலும் காற்றும் கலப்பதற்கு மிகக் குறுகிய நேரமே கிடைப்பதால், உண்மையில் இதனிலும் கூடுதலான காற்று இருந்தாலன்றிப் புகையின்றி எரியாது. காற்றுக்கு மிஞ்சித் தெளிக்கப்படும் டீசல் வலுவாக மாறுவதில்லை. கரியாகவும் வெப்பமாகவுமே மாறுகின்றது.

ரேபோ பொருத்தப்படாத எஞ்சின், ஒரு சுழற்சியில் இழுக்கக்கூடிய காற்றின் அளவு மாறாதது. ஆகவே அதிற் கூட்டக்கூடிய டீசலும் சொற்பமே. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் காற்றின் செறிவு, கரையோரத்திலுள்ளதிலும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைந்தது. சமவெளியிற் புகையின்றி இயங்குமாறு எல்லைவரை கூட்டப்பட்ட பம்பு, பசளை மூட்டைகளோடு மலை ஏறும்போது கரும்புகை கக்குவதற்கு இதுவே காரணம்.

முதலிற் செய்ய வேண்டியவை

பம்பின் திருகாணியைத் தொடுமுன் பின்வருவனவற்றை இவ்வொழுங்கிலேயே செய்தல் வேண்டும். செலவு குறைந்தவை முன்னும் கூடியவை பின்னுமாக இவை தரப்பட்டுள்ளன.

1. காற்று வடிகட்டியைப் பரிசோதித்தல். வயற் பாதையிலும் சூடடிக்கும் களத்திலும் ஓடும் வாகனத்தின் வடிகட்டி விரைவில் தூசியால் அடைபடும். அடைபட்ட வடிகட்டி மட்டுமே கரும்புகைக்குக் காரணமாக இருத்தல் கூடும்.

2. டீசல் வடிகட்டியை மாற்றி, நீர் பிரிக்கும் கிண்ணத்தை வடித்துவிடுதல். கிண்ணமில்லாத வாகனத்துக்கு அதனைப் பொருத்துதல், எரிபொருட் பாய்ச்சலுக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள அபிவிருத்தியாகும்.

3. தாங்கியிலிருந்து பம்புவரை செல்லும் குழாய்களைப் பார்வையிடுதல். வெடித்த இறப்பர்க் குழாய் வழியே காற்று உட்புகுந்தால், ஏற்றத்தில் எஞ்சின் திணறும்; காலையிற் கிளம்பவும் தாமதிக்கும்.

4. வால்வுகளின் இடைவெளியையும் சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளப்பித்தல். அமுக்கங் குறைந்த எஞ்சினுக்குப் பம்பிற் செய்யும் எத்திருத்தமும் பயன்தராது.

5. நொசில்களைக் கழற்றி, டீசல் பம்பு திருத்துமிடத்திற் பரிசோதிப்பித்தல். திறக்கும் அமுக்கம் எல்லா நொசில்களிலும் ஒத்திருத்தல் வேண்டும். தெளிப்புப் பனிபோலிருத்தல் வேண்டும். தெளித்தபின் நுனியில் துளி தொங்கலாகாது. ஒன்றை மட்டும் மாற்றாது, அனைத்தையும் ஒருங்கே செப்பஞ் செய்தல் நன்று. பொருத்தும்போது அடியிலுள்ள செப்பு வளையங்களைப் புதிதாக இடுதல் வேண்டும்.

6. பாய்ச்சும் கணத்தைச் சரிபார்த்தல். 2எல், 3எல் எஞ்சின்களிற் பல்லுடைய பட்டியொன்று பம்பைச் சுழற்றுகின்றது. அப்பட்டியைத் தயாரிப்பாளர் குறித்த தூரத்தில் மாற்றத் தவறி அது அறுந்தால், வால்வுகள் பிஸ்டனில் மோதிச் சிதையும். பட்டி மாற்றப்படும்பொழுதே பாய்ச்சும் கணத்தையும் அளவுகருவி கொண்டு சரிபார்ப்பித்தல் சிக்கனமாகும்.

7. தடுப்புகள் விடுபடாது சில்லைப் பற்றியிருக்கின்றனவா, கிளச்சு வழுக்குகின்றதா, சில்லுகளிற் காற்றுக் குறைந்துள்ளதா எனப் பார்த்தல். எஞ்சினின் வலு இவற்றாலும் வீணாகும்.

புகையின் நிறம் அறிவிப்பது

கரும்புகை, டீசல் மிகுந்தமையை அல்லது காற்றுக் குறைந்தமையை அறிவிக்கும். எஞ்சின் சூடேறிய பின்னரும் நீங்காத வெண்புகை, டீசல் எரியாது வெளியேறுவதையோ, நீர் சிலிண்டருட் புகுவதையோ அறிவிக்கும். நீலப்புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். இவற்றுள் வெண்புகைக்கும் நீலப்புகைக்கும் பம்பைக் கூட்டுதல் பரிகாரமாகாது. கரும்புகைக்கு அது நேர்மாறான செயலாகும்.

பம்பைக் கூட்டுதல் எப்பொழுது தகும்?

மேற்கூறிய யாவும் செய்தபின்னரும் வலுப் போதாதெனக் கண்டால், பம்பை முற்றாகப் பரிசோதனை மேசையிலேற்றி அளந்து திருத்துவிப்பதே முறையாகும். முழுப்பாரத் திருகாணி காரணமின்றி முத்திரையிடப்படவில்லை. அரைச் சுற்றுக்குங் குறைந்த திருப்பமே டீசலின் அளவைப் பெரிதும் மாற்றும். பாரமின்றி ஓடும் வேகமும் உடன் கூடும். அளவுக்கு மீறினால் எஞ்சின் கட்டுப்பாடின்றி ஓடவும் நேரிடும்.

மிஞ்சிய டீசலின் வெப்பம் முதலிற் பிஸ்டனையும் சிலிண்டர்த் தலையையும் தாக்கும். பிஸ்டன் அலுமினியக் கலப்புலோகத்தாலானது. தூய அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும் என்பதை நினைவிற் கொள்க. ரேபோ பொருத்தப்பட்ட எஞ்சினிற் கூடுதலான காற்று இருப்பதால் டீசலை ஓரளவு கூட்ட இடமுண்டு. ஆயினும் வெளியேறும் புகையின் வெப்பத்தைக் காட்டும் மானி ஒன்றைப் பொருத்தாமல் இதனைச் செய்தலாகாது. நீண்ட ஏற்றத்தில் அவ்வெப்பம் 700 பாகையை அணுகுமாயின், கீழ்க் கியருக்கு மாற்றி, மிதியைத் தளர்த்துதல் வேண்டும்.

பெரிய துளையுடைய நொசில்களை இடுதலும், வேறு எஞ்சினின் பம்பைப் பொருத்துதலும் தவிர்க்கத்தக்கவை. இக்காலத்து மின்னணு முறைப் பாய்ச்சலைப் பழைய எஞ்சினுக்கு மாற்றுதல், உதிரிப்பாகத்தை மாற்றுவது போன்றதன்று. அது வேறோர் எஞ்சினையே பொருத்துவதற்குச் சமமாகும். கரும்புகை கக்கும் வாகனம், 2008ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட புகைப் பரிசோதனையிலும் தேறாது போகும். அச்சான்றிதழின்றி வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்தல் இயலாது.

பாரமும் தடுப்பும்

எஞ்சினின் வலுவைக் கூட்டுவதனால் தடுப்பின் வலு கூடுவதில்லை. மணிக்கு 40 கிலோமீற்றரிலிருந்து 60 கிலோமீற்றருக்கு வேகம் உயரும்போது, தடுப்புகள் அடக்க வேண்டிய சக்தி இருமடங்குக்கு மேலாகின்றது. ஆகவே பாரத்தைக் கூட்டக் கருதுவோர், தயாரிப்பாளர் குறித்த இழுவை எல்லையை முதலில் அறிதல் வேண்டும். இழுவைப் பெட்டியின் நிறையிற் பத்திலொரு பங்களவு கொக்கியின்மீது தங்குமாறு மூட்டைகளை அடுக்குக. பின்பக்கம் பாரங் கூடினால் பெட்டி இருபுறமும் ஆடி வாகனத்தையும் திருப்பிவிடும். ஏற்றத்தை எந்தக் கியரில் ஏறினீர்களோ, இறக்கத்தையும் அந்தக் கியரிலேயே இறங்குக.

டீசலைப் பேணுதல்

இவ்வகைப் பம்புகளின் உட்பாகங்களுக்கிடையிலுள்ள இடைவெளி, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஓரிரு பங்கேயாகும். அவற்றுக்கு வழுவழுப்பைத் தருவதும் டீசலே. மஸ்ஸி பேர்குசன் 135 உழவு இயந்திரத்தின் பம்புக்கும் இது பொருந்தும். டீசலோடு மண்ணெண்ணெய் கலந்தால் வழுவழுப்புக் குறையும். நீர் கலந்தால் துரு ஏறும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் டீசலைக் கலன்களிற் சேமித்து வைக்கப் பழகினர். அவ்வாறு சேமிப்போர், நாக முலாம் பூசிய கலன்களை விலக்குதல் வேண்டும். கலனை நிழலில் இறுக மூடி வைத்து, ஒருநாள் அசையாது தெளியவிட்டு, அடியிலுள்ளதை எடுக்காது, மெல்லிய வடிகட்டியூடாக ஊற்றுதல் வேண்டும்.

எச்சரிக்கை

எஞ்சின் இயங்கும்போது நொசிலின் அருகிலோ கசியும் உயரமுக்கக் குழாயிலோ கைவைத்தலாகாது. இவ்வமுக்கத்திற் பாயும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் ஊசி குத்தியதுபோற் சிறிதாகத் தோன்றினும், விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். நோவில்லையென்று காத்திராது, உடனடியாக வைத்தியசாலைக்குச் சென்று, டீசல் உட்பாய்ந்ததெனத் தெளிவாகக் கூறுதல் வேண்டும்.

முடிவுரை

ஒவ்வொரு பயணத்தின் தூரத்தையும் பாரத்தையும் ஊற்றிய டீசலையும் சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவருக. ஒரே பாரத்தோடு, ஒரே ஏற்றத்தில், ஒரே கியரில், திருத்தத்தின் முன்னும் பின்னும் ஓடிப் பார்த்து நேரத்தையும் புகையையும் ஒப்பிடுக. காற்று, வடிகட்டி, நொசில், பாய்ச்சும் கணம் ஆகியன சீராக இருக்கும் பழைய வாகனம், தனக்குரிய பாரத்தைத் தயங்காது இழுக்கும். அதற்கு மேற்பட்ட பாரத்தைத் திருகாணியால் இழுக்கச் செய்ய முயல்வதிலும், இரு பயணமாகக் கொண்டுசெல்வதே கமக்காரருக்கு ஆதாயமாகும்.